மூன்று மடல் இலை

அப்பாவின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு விஜிலா பின்வாசலுக்கு வந்தபோது அம்மா இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

மீன் அடைத்து வரும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் மதிலோரம் வரிசையாக இருந்தன. அவற்றின் விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையைத் தொட்டுக் கிடந்தன கொடிகள். நுனிதோறும் சின்ன மஞ்சள் பூ. அம்மா பூவை ஒதுக்கி, கொழுந்துக்கு அடுத்த இலையை மட்டும் நகத்தால் கிள்ளி மடியில் போட்டாள். தலையைத் தூக்கவில்லை.

“அம்மிய கழுவி வச்சியா?”

விஜிலா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏளா, உன்னத்தான் கேக்கேன்.”

“அம்மா.”

“அவிய எழும்புமுன்ன அரைச்சிரணும். வெறும் வயித்துல குடிச்சாத்தான் பிடிக்கும்.”

“போதும்மா. உள்ள வாங்க.”

அம்மாவின் கை ஒரு நொடி காற்றில் நின்றது. பிறகு அடுத்த பெட்டிக்குப் போனது. அங்கும் பறித்தாள். கைப்பிடி நிறைகிற வரைக்கும் பறித்தாள். நிறைந்ததும் இலைகளை ஒரு அலுமினியச் சட்டியில் போட்டு, அதன்மேல் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடினாள். வாடாமல் இருக்க அப்படித்தான் செய்வாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, விஜிலாவைத் தாண்டி உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது. அது விஜிலாவுக்குத் தெரிந்த குரலாக இல்லை.

*

அப்பா கஸ்பார் தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக இருந்தவர். வெங்காயமும் உருளைக்கிழங்கும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வந்தவர். அவருடைய கல்லீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரமே அம்மா ஒரு நாட்டு வைத்தியரைப் போய்ப் பார்த்தாள். வைத்தியர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றார். வெள்ளைப் பூ பூப்பது கூடாது, மஞ்சள் பூ பூப்பதுதான். வாங்கின இலை கூடாது, வீட்டில் வளர்த்து அன்றன்றைக்குப் பறிக்க வேண்டும். நோயாளி குடித்து முடிக்கும் வரை அந்தச் செடியிலிருந்து ஒரு கணுகூட அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் மருந்தின் வீரியமும் கூடப் போய்விடும்.

அம்மா நாற்றங்காலில் செடி வாங்கி வந்தாள். சாத்தான்குளத்துச் செம்மண், வேப்பம் பிண்ணாக்கு, நிழலுக்குச் சாக்கு, எல்லாம் செய்தாள். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான். குடிக்க வைத்த குடத்திலிருந்து அம்மா செடிக்கு ஊற்றினாள். அப்படியும் காற்றில் வந்த உப்போ மண்ணில் இருந்த உப்போ, இலை ஓரம் கருகிச் செடி செத்தது. மறுபடி வாங்கினாள். அதுவும் செத்தது. மூன்றாவதும் செத்தது.

அதற்குப் பிறகு அப்பா, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், கடைசியாக ஒரு தடவை தோணி ஏறினார். திரும்பி வரும்போது ஒரு ஈரச் சாக்கு கொண்டுவந்தார். அதற்குள் மஞ்சள் பூவோடு கொடி.

“அங்கன மணல்லயே கிடக்குளா பிரகாசி, கடல் ஓரத்துல. இது சாவாது” என்றார் அம்மாவிடம்.

சாகவில்லை. அம்மா மூன்று கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி மண்ணில் படுக்க வைத்தாள். வைத்த இடத்திலெல்லாம் வேர் விட்டது. ஒரு பெட்டி நாலாகி, நாலு மதில் நீளத்துக்கும் ஆனது. அப்பாவுக்கு வயிறு வீங்கி வடிந்தது, மறுபடி வீங்கியது. ஆஸ்பத்திரி மாத்திரையும் நடந்தது. ஆனால் அம்மா எண்ணிக்கொண்டிருந்தது இலையைத்தான்.

விஜிலா தாவரவியல் படித்தவள். கோவில்பட்டியில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெள்ளைத் தாளில் விதைகளைக் கொட்டி, சீட்டில் எழுதியிருக்கிற விதை எது, அது அல்லாதது எது என்று இடுக்கியால் பிரிக்க வேண்டும். பேச வேண்டாத வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

செடி வந்த முதல் மாதம் ஊருக்கு வந்தபோதே அவள் ஒரு இலையைப் பறித்துப் பார்த்தாள். தடிப்பாக, எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. நுனிப் பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை ஒடுக்கமாக, மடல் இல்லாமல் நீண்டிருக்கும். இது அதன் சொந்தக்காரச் செடி, ஆனால் அது இல்லை. நாற்கரச் சாலையின் நடுவிலும் ஹோட்டல் வாசலிலும் அழகுக்கு வைக்கிற தரைக்கொடி.

அம்மா கடைக்குப் போன நேரத்தில் அப்பாவிடம் சொன்னாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பா அவள் கையிலிருந்த இலையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பிடுங்கும்போதே தெரியும்ளா. அங்கன ரோட்டு ஓரமெல்லாம் இதான். நம்ம ஆன்டனிகூடச் சொன்னான், அண்ணே இது பார்க்குல வைக்கிறதுன்னு.”

“பொறவு ஏம்ப்பா?”

அப்பா இலையை மடியில் வைத்தார்.

“மூணு தரம் செடி செத்துச்சு. மூணு தரமும் உங்கம்மா என் மூஞ்சியத் திரும்பிப் பாத்தா. நாலாவது தரம் அந்தப் பார்வைய என்னால பாக்க முடியாது.”

“இத குடிச்சா வயித்துக்கு ஏதாவது ஆயிரும்.”

“யாரு குடிக்கா?” அப்பா தலைமாட்டு ஜன்னலைக் காட்டினார். “அதுல்லா குடிக்கி. உங்கம்மா நின்னான்னா ஒரு மடக்கு நானு. அவ அங்கிட்டுப் போனான்னா மிச்சம் ஜன்னலு.”

விஜிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்தால் விலா வலிக்கும் என்று கையால் பிடித்துக்கொண்டார்.

“சொல்லமாட்டேன்னு சொல்லு.”

“சொல்லமாட்டேன்ப்பா.”

*

கோயிலில் சாவு மணி அடித்து ஓய்ந்திருந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். அப்பாவை முன்னறையில் கிடத்தி, தலைமாட்டில் சிலுவையில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்தியும் வைத்திருந்தார்கள். கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. வெள்ளைச் சட்டையில் அவர் கொஞ்சம் இளைத்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அண்ணன் ஜெரால்டு கப்பலில் இருந்தான். இறங்கி வர வழியில்லை. சாயங்காலமே அடக்கம் என்று முடிவானது. ஆன்டனி தன் போனைப் பிடித்து அப்பாவின் முகத்தைக் காட்டினார். ஆன்டனி அப்பாவோடு தோணியில் போனவர். தோணிச் சரக்கு குறைந்ததும் ஆட்டோ ஓட்டுகிறார்.

“பாத்துக்கிடு மக்களே. நல்லாத் தெரியுதா?” என்றார் போனைப் பார்த்து. “இந்தப் பக்கம் காட்டுதேன். கால்மாட்டுல உங்கம்மா.”

ஜெரால்டின் முகம் அசையாமல் நின்று, பிறகு துண்டு துண்டாக அசைந்தது. அழுகிறானா சிக்னல் போய்விட்டதா என்று தெரியவில்லை.

“தண்டலுக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்கணும்” என்று ஆன்டனி வாசலில் இருந்த ஆண்களிடம் போய்ச் சொன்னார். “பெட்டி லேட்டா வந்துச்சின்னா எந்திச்சி உக்காந்து ஏசுவாரு. ஏலே, வெங்காயம் அழுகுதுலேம்பாரு.” யாரோ சிரித்தார்கள். ஆன்டனி லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் ஜெபமாலையின் மூன்றாம் தேவ ரகசியத்தில் இருந்தபோது அம்மா எழுந்து போனாள். கொஞ்ச நேரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருத்தி விஜிலாவின் தோளைத் தொட்டு, “அம்மா எங்களா? பாரு, கெணத்துப் பக்கம் போயிறாம” என்றாள்.

அந்த வீட்டில் கிணறு கிடையாது. விஜிலா பின்வாசலுக்குப் போனாள்.

அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நனைத்த செய்தித்தாள். கொடியை மூன்று கணுவுக்கு ஒன்றாக வெட்டி, தாளில் சுருட்டி, வலை நூலால் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா செய்யிதீங்க?”

“பேப்பர இப்படிப் பிடி.”

விஜிலா பிடித்தாள்.

“அவிய குடிச்சு முடிச்சாச்சு” என்றாள் அம்மா. “இனிக் குடுக்கலாம். எத்தன பேரு கேட்டா இந்த ரெண்டு வருசத்துல. ஒருத்திக்கு நான் ஒரு எலை குடுத்தது கெடையாது. தெருவுல எனக்குக் கஞ்சப் பிசினாறின்னு பேரு. இருக்கட்டும், அவியளுக்காகன்னு இருந்துட்டேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இன்னிக்கி வாரவளுக்கெல்லாம் ஒரு கட்டு. அவிய பேரச் சொல்லி ஊரெல்லாம் வளரட்டும். ஆத்துமாவுக்கு இத விட என்ன புண்ணியம்?”

விஜிலா அடுத்த தாளை எடுத்து நீட்டினாள். வைத்தால் வளரும். வளர்ந்தால் பூக்கும். யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ரோட்டு நடுவில் நிற்கிற செடி வீட்டு வாசலில் நிற்கும், அவ்வளவுதான். அவள் தனக்குள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். விரலில் நூல் இறுகியது.

கட்டுகளைப் பெரிய போணியில் அடுக்கி அம்மாவே முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெபமாலை முடிந்திருந்தது. பெண்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

“டாக்டர் ஆறு மாசம்னுதானக்கா சொன்னாரு.”

“ஆறு மாசம். எழுதியே குடுத்தாரு.”

“ரெண்டு வருசம் தாங்கிருக்குன்னா சும்மாவா? செடியில்ல, அது மாதாவோட கை.”

அம்மா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இழந்தவள்தான். ஆனால் ஆறு மாதத்தை இரண்டு வருடமாக்கியவள். அந்த முகத்தை விஜிலாவால் நேராகப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் கால்பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

*

நாலாவது வீட்டு பேபி, மகளை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம்தான் வந்தாள். வந்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“ஏஞ்சலின் வரணும்னு துடிச்சாக்கா. ஏழு மாசத்துக்காரி, சாவு வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்படாதுன்னுட்டேன்.”

“வரப்படாது வரப்படாது” என்றாள் அம்மா. “நல்லா இருக்காளா?”

“என்னத்த நல்லா? நாலஞ்சு நாளா ஒரே வாந்தி. மாசமா இருக்கிறதுனாலன்னு நெனச்சேன். இன்னிக்கிக் காலைல கண்ணப் பாத்தா மஞ்சளு. நகமும் மஞ்சளா இருக்கு. காமாலதான்.” போணியைப் பார்த்தாள். “இது நட்டு வளந்து எப்பக்கா எலை விடும்? எனக்குக் கையில ஒரு பிடி எலை வேணும். இப்பவே அரைச்சு ஊத்திருவேன்.”

அம்மா உடனே எழுந்தாள். “இருக்கு. அவியளுக்காகக் காலைல பறிச்சது அப்பிடியே இருக்கு.” குசினி அடுப்புப் பக்கம் போனாள்.

விஜிலாவுக்குக் கல்லூரிப் புத்தகம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் வருடத்தில் நுண்ணுயிரியல் ஒரு தாள் இருந்தது. தண்ணீரால் வருகிற காமாலை, மற்றவர்களுக்கு வந்து போய்விடும், கர்ப்பிணிகளுக்கு அப்படியில்லை. புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியின் பக்கத்தில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள், பரீட்சைக்காக.

“சித்தி” என்றாள். பேபி திரும்பவில்லை. அவள் கையைத் தொட்டு மறுபடி கூப்பிட்டாள். “சித்தி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

“செக்கப்பு அடுத்த வாரம் இருக்குளா.”

“அடுத்த வாரம் வேண்டாம். மாசமா இருக்கும்போது காமாலைன்னா ரொம்ப…” சொல்ல வந்த சொல்லை அந்த அறையில் சொல்ல முடியவில்லை. “ரொம்பக் கவனமா இருக்கணும்.”

பேபி அவள் கன்னத்தைத் தொட்டாள். “நீ பாவம், ராத்திரி பூரா முழிச்சிருக்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் மாத்திர குடுப்பான், ஊசி போடுவான். இந்த எலைக்கும் இங்கிலீஷ் மருந்துக்கும் சேராதுன்னு உங்கம்மாதான் சொல்லிருக்கா. பத்தியம் மூணு நாளு. உப்பில்லாம கஞ்சி. மூணு நாளுல கண்ணு வெளுத்துரும். பாப்போம், இல்லன்னா போவோம்.”

“அப்பா மாத்திரையும் சாப்பிட்டாங்க, சித்தி.”

“அந்த ஆஸ்பத்திரியில உங்கப்பாவுக்கு என்ன செஞ்சாவ? வயித்துல ஊசியக் குத்தித் தண்ணி எடுத்தாவ. ரெண்டு வருசம் உயிரோட வச்சிருந்தது யாரு? உங்கம்மா அரைச்ச பச்சில.”

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அம்மா சட்டியோடு வந்தாள். ஈரத்துணியை விலக்கினாள். காலையில் பறித்த இலைகள் அப்போதுதான் பறித்ததுபோல் இருந்தன. இரண்டு கையாலும் அள்ளி, பேபியின் முந்தானையில் போட நீட்டினாள்.

விஜிலா எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் கைக்கும் பேபியின் முந்தானைக்கும் நடுவில் அவள் கை இருந்தது.

“குடுக்காதீங்கம்மா.”

“என்னளா?”

“இது அந்தச் செடி இல்ல.”

யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள். அதுவும் நின்றது.

“இது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லம்மா. அதுக்கு எலை நீளமா இருக்கும், இப்பிடி மூணா பிரியாது. நம்ம வாங்கி வச்சு செத்துப்போச்சே, அதான் அது. இது…” கூட்டத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. “இது ரோட்டு நடுவுல அழகுக்கு வைக்கிறது. இதுல மருந்து கெடையாது. ஏஞ்சலினுக்குக் குடுக்கப்படாது. வயித்துல பிள்ள இருக்கு.”

அம்மா அவளைப் பார்த்தாள்.

“இன்னிக்கித்தானா இத நீ சொல்லணும்?”

விஜிலா நீட்டிய கையை எடுக்கவில்லை.

“உங்கப்பாவ இங்கன கெடத்தி வச்சிட்டு.”

“துக்கத்துல பேசுதுக்கா, விடு” என்றாள் ஒருத்தி. “சின்னப் பிள்ள.”

“படிச்ச பிள்ளைகளுக்கு நாட்டு மருந்துன்னாலே எளக்காரந்தான்” என்றாள் இன்னொருத்தி. “ரெண்டு வருசம் அப்ப எதுல தாங்குச்சாம்? சொல்லச் சொல்லு பாப்போம்.”

விஜிலாவிடம் அதற்குப் பதில் இருந்தது. மாத்திரையால், வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்ததால், அவருடைய உடம்பின் கட்டால், அல்லது சும்மா. அதில் எதையும் அம்மாவின் முன்னால் சொல்ல முடியாது. அவள் வாசலைப் பார்த்தாள். நிலையில் சாய்ந்து ஆன்டனி நின்றிருந்தார். அவர் எல்லாம் கேட்டிருந்தார். ஒரே ஒரு சொல் அவர் சொன்னால் போதும். ‘ஆமா, நானும் அங்கே இருந்தேன்’ என்றால் போதும்.

ஆன்டனி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“ஏளா பேபி” என்றார். “ஆட்டோ வெளிய நிக்கி. பிள்ளையக் கூட்டிட்டு வா, போவோம்.”

“அண்ணே, நீங்களுமா?”

“எலை எங்கயும் ஓடிறாது. டாக்டர் வேண்டாம்னு சொன்னா வந்து வாங்கிக்கிடலாம். எந்திரி.”

பேபி அம்மாவைப் பார்த்தாள், விஜிலாவைப் பார்த்தாள். முந்தானையை உதறினாள், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும். எழுந்து போனாள்.

அம்மா கையிலிருந்த இலையோடு அப்படியே நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஆன்டனி நின்றிருந்த இடத்தை. அங்கே இப்போது வெயில் மட்டும் இருந்தது. தெருவில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

போணியில் மிச்சமிருந்த கட்டுகளை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

*

பெட்டி நேரத்துக்கு வந்தது. பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். பெட்டியை மூடுமுன் ஒவ்வொருவராக வந்து ரோஜா இதழ் போட்டார்கள். விஜிலா அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். குளிர்ந்த தரையை முத்தமிட்டதுபோல் இருந்தது. சொல்லமாட்டேன்ப்பா என்று சொன்ன அதே வாய்.

அம்மா கடைசியாக வந்தாள். இடது கை மூடியிருந்தது. அந்தக் கையை அப்பாவின் நெஞ்சுக்கு மேல் கொண்டுபோனாள். விரல்கள் கொஞ்சம் திறந்தன. கசங்கிய பச்சை தெரிந்தது. திறந்த விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன. வலது கையால் ரோஜா இதழை எடுத்துப் போட்டுவிட்டு அம்மா நகர்ந்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் விஜிலா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா விலக்கவும் இல்லை, சாயவும் இல்லை. குழிக்குள் மண் போடும்போது அம்மா போட்டது எல்லாரையும்போல் மண்தான். இலை எங்கே போனது என்று தெரியவில்லை.

திரும்பும்போது ஆன்டனி பாதையோரம் காத்திருந்தார். ஆட்டோவை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கிறார், சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. தண்டலுக்கு மண் போட அவரால் நேரத்துக்கு வர முடியவில்லை.

“அட்மிட் பண்ணிட்டாவ” என்றார் விஜிலாவிடம். “ரத்தம் எடுத்திருக்காவ. குளுக்கோஸ் ஏறுது. இன்னும் லேட்டா வந்திருந்தா என்ன செய்வீங்கன்னு அந்த டாக்டரம்மா பேபிய ஒரு பிடி பிடிச்சா. ஒண்ணும் இப்ப சொல்ல முடியாதாம். நாளைக்கிப் பாத்துத்தான் சொல்லுவாவளாம்.”

அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, “மைனி” என்றார். அம்மா நின்றாள். ஆன்டனி லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அம்மா செருப்பில் ஏறிய மணலை உதறிவிட்டு நடந்தாள்.

*

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவின் பாயும் மெத்தையும் தலையணையும் வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் இடையே உள்ள சந்தில் கிடந்தன. காலையில் பிரேதத்தை எடுத்துக் கிடத்திய உடனே ஆண்கள் கம்பியில்லாத தலைமாட்டு ஜன்னல் வழியாக வெளியே தள்ளியிருந்தார்கள். வேறு எதற்கும் யாரும் அந்தச் சந்துக்குள் போவதில்லை. ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும்.

“தலகாணி உறைய மட்டும் எடுத்துட்டு வாரேன்” என்று அம்மா போனாள்.

வெகு நேரமாகியும் வரவில்லை. விஜிலா சந்தின் முனைக்குப் போய்ப் பார்த்தாள்.

அம்மா தலையணையை மார்போடு அணைத்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே, சுண்ணாம்புச் சுவரில், ஜன்னல் அகலத்துக்குப் பச்சையாக ஒரு வழிசல். மேலே வெளிர் பச்சை. கீழே போகப் போகக் கருத்து, தரையைத் தொடுமிடத்தில் கறுப்பாக இருந்தது. பக்குப் பக்காக, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற கறையில்லை.

அம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதன்மேல் தேய்த்தாள். போகவில்லை. விரலைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“உங்கப்பா…” என்றாள்.

விஜிலா காத்திருந்தாள். செடியைப் பற்றித்தான் அவள் சொல்லியிருந்தாள், ஜன்னலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு வாக்கை ஒரு நாளில் பாதிதான் மீற முடியும் என்று தோன்றியது.

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து சந்தை விட்டு வெளியே வந்தாள். தலையணையை விஜிலாவிடம் கொடுத்தாள். பின்வாசலுக்குப் போனாள்.

கொடிகள் வெட்டுப்பட்டுக் கட்டையாக நின்றன. அம்மா விட்டுவைத்த இடங்களில் பூக்கள் இருந்தன. யாரும் எடுக்காத கட்டுகள் போணியோடு படியில் இருந்தன. அதன் பக்கத்தில் மூடி போட்ட நல்ல தண்ணீர்க் குடம். சாயங்காலம் பெட்டிக்கு ஒரு செம்பு, இது அம்மாவின் கணக்கு. குழாயில் தண்ணீர் வராத வாரங்களில் அப்பாவும் அவளும் காபியைக் குறைத்துக்கொண்டு செடிக்கு ஊற்றியிருக்கிறார்கள்.

அம்மா மூடியைத் திறந்து செம்பை முக்கினாள். முக்கிய செம்போடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் குடத்திலேயே திரும்ப ஊற்றிவிட்டு மூடினாள்.

“இதுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்கிடுமா?” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

“ஒத்துக்கிடும்மா.”

“மொதல்ல இருந்தேவா?”

“ம்.”

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடிபம்பின் கீழே வாளியை வைத்தாள். கைப்பிடி வறட்டுச் சத்தமாய்க் கிறீச்சிட்டது. விஜிலா தலையணையோடு படியில் உட்கார்ந்தாள். பல தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் ஏறியது.

வாளி நிறைந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டுபோய் முதல் பெட்டியில் ஊற்றினாள். மறுபடி வந்து அடித்தாள். இரண்டாவது பெட்டி. மூன்றாவது. தண்ணீர் விளிம்பு தாண்டி மணலில் ஓடியது. எல்லாப் பெட்டிக்கும் ஊற்றி முடித்த பிறகும் அவள் வாளியைப் பம்பின் கீழே கொண்டுவந்து வைத்தாள்.